துபாய்ல வேலையாளுங்க தங்குற கேம்ப்ல சுகரை கட்டுப்படுத்துறவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கங்க, சேலம் அம்மாபேட்டைல இருந்து எழுதறேன். எங்கண்ணன் துபாய் போறப்ப 62 கிலோ, ஆறு வருஷம் கழிச்சு லீவுல வந்திருக்காரு, இப்ப 81, பெல்ட்டுல கடைசி ஓட்டையும் பத்தாம ஆணியால இன்னொன்னு குத்தியிருக்காரு. மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்ல 8.4. 6.5 வந்தாலே சுகர்தானாம். நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்கற கணக்கு) 23 தாண்டினாலே ரிஸ்க்குன்னு டாக்டர் சொன்னாங்க, எங்க வீட்ல யாருக்குமே தெரியாது.

அங்க 12 மணி நேரம் கிரேன்ல உக்காந்தே வேலை, மெஸ்ல சோறு, பரோட்டா, நடுராத்திரி டீ, பாவம் அவரும் என்ன செய்வாரு.

அடுத்த வாரம் கிளம்பறாரு, பயமா இருக்குங்க. மெஸ் சாப்பாட்டுலயே எதை எவ்ளோ எடுக்கறீங்க, நைட் ஷிப்ட்ல மெட்பார்மின் (சுகர் மாத்திரை) எப்ப போடச் சொன்னாங்க, மாத்திரை கொண்டுபோக டாக்டர் சீட்டு எப்படி வாங்கினீங்க? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.