ஈடு வெந்து இறங்கிருது, லேப்டாப் எந்திரிக்க மாட்டேங்குது: ஹார்ட் டிஸ்க் மாத்தலாமா?

தாராவி_செல்வி:
எங்க வீட்ல விடிகாலை 3 மணிக்கு இட்லி அடுப்பு பத்த வைப்போம். வீட்டுக்காரர் அண்டாவ சைக்கிள்ல கட்டிக் கிளம்புறதுக்குள்ள, யார் யார் கடன் பாக்கின்னு லேப்டாப்ல பாத்துச் சொல்லணும். பட்டன அமுக்கிட்டு ஒரு ஈடு வச்சா அது வெந்து இறங்கிருது, இது இன்னும் வட்டம் சுத்திக்கிட்டுக் கெடக்கு.

2015ல வாங்கினது. ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ரெண்டு வாரமா உள்ளருந்து பல்லி மாதிரி டிக் டிக்குன்னு சத்தம் வேற. மாமியார் நல்ல சகுனம்னு சொல்லுதாங்க.

லாமிங்டன் ரோட்ல ஒரு கடையில கேட்டேன். "என்விஎம்இ போடுங்க, பறக்கும். பழைய டிஸ்க டிவிடி இருக்க எடத்துல மாட்டிக்கலாம்"னான். என்விஎம்இன்னா ரொம்ப வேகமான புது வகை டிஸ்க்காம். சரியா வருமா? கணக்கு, பையன் மொட்டை போட்ட போட்டோ எல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு.

மாட்டுங்கா_ஸ்க்ரூடிரைவர்:
அக்கா, அந்தப் பல்லி நல்ல சகுனம் இல்ல. டிஸ்க்ல படிக்கிற ஹெட் தடுமாறுற சத்தம் அது. இனிமே சும்மா ஆன் பண்ணாதீங்க. ஆன் பண்ணா நேரா கணக்கையும் போட்டோவையும் மட்டும் பென்டிரைவ்ல எடுங்க, கணக்கு முதல்ல. முழு டிஸ்க்கையும் க்ளோன் பண்ணலாம், அதாவது அப்படியே நகல் எடுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சாகக் கெடக்கிற டிஸ்க 500 ஜிபியும் படிக்க வச்சா பாதியில கைவிட்டுரும்.

என்விஎம்இக்கு உள்ள போர்ட்ல தனியா எம்.2ன்னு ஒரு ஸ்லாட், அதாவது சொருகுற எடம் வேணும். அந்தக் காலத்து ஐ3 லேப்டாப்ல பெரும்பாலும் இருக்காது. கடைக்காரர் உள்ள திறந்து பாத்தா சொன்னார்? உங்களுக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாம சிப்லயே சேமிக்கிற டிஸ்க்) போதும், பழைய டிஸ்க் இருந்த எடத்துலயே உக்காரும். பழசு செகண்டுக்கு 100 எம்பி கொடுத்தா இது 500. ஆனா நிஜ வித்தியாசம் வேற எடத்துல. விண்டோஸ் எழும்ப ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் படிக்கணும், ஹெட் ஒவ்வொண்ணுக்கும் ஓடணும். ஒவ்வொரு இட்லிக்கும் சட்னி எடுக்க அடுப்படிக்குப் போய்ட்டு வர்ற மாதிரி. எஸ்எஸ்டில ஓடுறதுக்கு ஹெட்டே கெடையாது.

பழச டிவிடி எடத்துல மாட்டவே வேண்டாம்.

செம்பூர்_பெரியவர்:
விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. இந்த ஐ3ல 11 முறைப்படி ஏறாது. விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கெடைக்கிற லினக்ஸ் மின்ட் போடும்மா. ரேமையும் 8 ஆக்கிடு.

மாட்டுங்கா_ஸ்க்ரூடிரைவர்:
பெரியவரே, 3 மணிக்கு மாவுக் கையோட லினக்ஸா? ரேம் மட்டும் ஒத்துக்கறேன்.

தாராவி_செல்வி:
முடிஞ்சுது தம்பி. 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினோம். அடித்தகடு கழறவே இல்ல; கடைசில பாத்தா ரப்பர் காலுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கு. புது டிஸ்க் ஒல்லியா இருந்துச்சா, உள்ள ஆடுச்சு. பழசச் சுத்தி இருந்த தகரச் சட்டத்தக் கழட்டி இதுல மாட்டினதும் நின்னுட்டு. பையன் விண்டோஸ் 10ஐயே புதுசா ஏத்தினான். லைசென்ஸ் நம்பர் எதுவும் கேக்கல, போர்ட்லயே ஞாபகம் இருக்காம்ல.

கணக்கு முழுசா வந்துட்டு. மொட்டை போட்டோல 3 திறக்க மாட்டேங்குது, அதுல மாமியார் மடியில உக்காந்திருந்ததும் ஒண்ணு. அவங்ககிட்ட இன்னும் சொல்லல.

இப்ப அடுப்பு பத்துறதுக்குள்ள லேப்டாப் எந்திரிச்சிருது. கடன் பாக்கிக்காரங்க மட்டும்தான் இன்னும் வட்டம் சுத்துதாங்க.