அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தார்

1987 மார்கழி, ரொறன்ரோ. நான் வந்து பத்து மாதம். தொழிற்சாலை வேலை முடிஞ்சு வந்தால் கதைக்க ஒருத்தரும் இல்லை. ரெலிபோனில பி.பி.எஸ். எண்ட செய்திப் பலகையளைக் கூப்பிட, ஆரோ பாவிச்ச கொமடோர் 64 கம்பியூட்டர் ஒண்டும், அதை ரெலிபோன் லைனோட இணைக்கிற 300 போட் மொடெமும் வாங்கினன். உள்ளூர் அழைப்புக்குத் தனிக் காசு இல்லை. அதாலதான் எனக்கு இது கட்டுப்படியானது.

300 போட் எண்டால் செக்கனுக்கு 30 எழுத்து. 40 எழுத்து அகலம், 25 வரி உள்ள திரை நிரம்ப அரை நிமிசத்துக்கு மேல போகும். நாங்கள் வாசிக்கிற வேகமும் கிட்டத்தட்ட அதுதான்.

பி.பி.எஸ். எண்டது ஒருத்தற்ர வீட்டுக் கம்பியூட்டர்; மற்ற ஆக்கள் கூப்பிட்டு அதில செய்தி வாசிப்பினம், எழுதுவினம். அனேகமாய் ஒரே லைன். நான் உள்ளுக்கு நிண்டால் மற்றவருக்கு எங்கேஜ் சத்தம்தான். 1978இல வார்ட் கிறிஸ்டென்சனும் ரான்டி சூஸும் சிக்காகோவில தொடங்கின முதல் பலகையும் அப்படித்தான்.

ஒருநாள் இரவு செய்தி வாசிக்கேக்க திரை பாதியில நிண்டுது. பிறகு தானாய் எழுத்து விழத் தொடங்கிச்சு. நித்திரை வரேல்லையோ எண்டு இங்கிலீஷில ஒரு கேள்வி. வீட்டுக்காரர், பலகையை நடத்துற சிசொப்! அவர் பிழையாய்த் தட்டுறதும், அழிக்கிறதும், திருப்பித் தட்டுறதும் எனக்குத் தெரிஞ்சுது. என்ர பேரை எப்பிடி உச்சரிக்கிறது எண்டு அந்த நாட்டில கேட்ட முதல் ஆள் அவர்தான். அசை அசையாய்ப் பிரிச்சுத் தட்டிக் காட்டினன். போய்வா எண்டு சொல்லேக்க அதே மாதிரிப் பிரிச்சு முழுப்பேரும் தட்டினார். முகம் கடைசிவரை பார்க்கேல்ல.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நானும் உங்கள் சிசொப் மாதிரி அந்தப் பக்கம் உட்கார்ந்து, வேறொரு பலகையை நடத்தியவன். 1989, நியூஜெர்சி. வீட்டு அலமாரிக்குள் ஒரு பிசி, பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபிடோநெட்டில் ஒரு நோட், அதாவது ஒரு கணு. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் ஆரம்பித்த வலை அது. பகலெல்லாம் சேர்ந்த கடிதங்களைக் கணினிகள் இரவில், தொலைதூரக் கட்டணம் குறைந்த நேரத்தில், ஒன்றையொன்று கூப்பிட்டு மாற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் எங்களுக்கு விடியற்காலை 4 முதல் 5 மணி வரை லைனை அதற்கே விட்டுவிட வேண்டும். மோடத்தின் கீச்சுச் சத்தத்தில் பாதித் தூக்கத்தில் விழிப்பேன். யாரோ எழுதியது ஊர் தாண்டிப் போகிறது என்று அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அழைப்பவர் தட்டுவதெல்லாம் என் திரையிலும் தெரியும். குறுக்கே பேசலாமா என்று எப்போதும் தயக்கம். ஒரு ராத்திரி புதிதாக வந்த ஒருவர் நாலு வரி எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். கடைசியில் ஒன்றும் அனுப்பாமலே லைனை வைத்துவிட்டார். நான் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவர் திரும்ப வரவே இல்லை. உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து அவர் நினைவாகவே இருக்கிறது.