மலையுச்சி வரை இரண்டு மணி நேரம்: குறுகிய கேம்களுக்கு மதிப்பு உண்டா?

குமுளி ராசு:

எல்லோருக்கும் வணக்கம். சென்ற வாரம் வேறொரு பேச்சின் நடுவில் மறையூர் பாண்டி தம்பி, "ஒரு வீடியோ கேம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோகும், சண்டை கிடையாது, தோற்கவும் வழியில்லை, நடந்துகொண்டே இருப்பதுதான் வேலை என்றால் அதற்குப் பணம் வாங்குவது நியாயமே இல்லை" என்று எழுதியிருந்தார். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தனி இழையாகத் தொடங்குகிறேன்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து குமுளி எல்லையை அடைத்தபோது, வண்டிப்பெரியாற்றுக்கு மேலே மனைவியின் பெற்றோர் இருக்கும் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், மாட்டிக்கொண்டேன். அம்மா கம்பத்தில் இருந்தார். ஏப்ரலில் அவருக்கு அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலைக் காட்டைக் கடந்து அரை மணி நேரம் ஏறினால் ஒரு பாறை வரும், அதன் வடக்கு ஓரத்தில் நின்றால் இரண்டு கோடு விழும். அன்று காலை முதல் அந்தப் பாறையில் உட்கார்ந்து, பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று திரையை அணைத்து அணைத்து வைத்துக்கொண்டு, அண்ணனின் அழைப்புக்காகக் காத்திருந்தேன்.

அடுத்த ஆண்டுதான் 'எ ஷார்ட் ஹைக்' ஆடினேன். கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ 2019இல் வெளியிட்ட சிறிய கேம் அது. கிளேர் என்ற பறவைச் சிறுமி ஒரு முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். அவள் தங்கியிருக்கும் இடத்தில் சிக்னல் இல்லை. மலையுச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். கதை அவ்வளவுதான். வழியில் பொன்னிறச் சிறகு ஒன்று கிடைத்தால் கூடுதலாக ஒருமுறை சிறகடிக்கலாம், பாறையை இன்னும் சற்று நேரம் பற்றிக்கொண்டு ஏறலாம். உச்சி நெருங்கும்போது குளிரில் அந்தச் சிறகுகளே உறைந்துவிடும். நான் இரண்டு முறை சறுக்கிக் கீழே வந்து, மூன்றாம் முறை ஏறினேன். உச்சியில் தொலைபேசி ஒலித்தது. முடிவைச் சொல்வதற்கு மன்னியுங்கள்: பேசியது கிளேரின் அம்மா, அறுவை சிகிச்சை முடிந்து. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையை யாராவது நான்கு வரியில் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். என் விரல்களே ஏறியதால்தான் அது எனக்குள் இறங்கியது என்பது என் கட்சி.

மறையூர் பாண்டி:

ராசு அண்ணே, உங்கள் அம்மா இப்போது நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அதிலேயே என் பக்கத்து வாதமும் இருக்கிறது. உங்களை உலுக்கியது அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்த நாள். கேம் அதை ஞாபகப்படுத்தியது. அப்படியொரு நாள் வாழ்க்கையில் அமையாதவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

அடுத்தது மலை. என் அப்பா மறையூரில் கரும்பு சுமந்தவர், வெல்லக் கொட்டகையில் அடுப்புக்கு முன்னால் நின்றவர். அம்மா விறகுக்காக ஏறாத சரிவு எங்கள் பக்கத்தில் இல்லை. அவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மலையேறுவதை மன அமைதி என்று யாரோ தூரத்தில் உட்கார்ந்து செய்து அனுப்புவது ஒட்டவில்லை. பனி, பாறை, தேயிலைச் சரிவில் விழும் வெயில் எல்லாவற்றையும் நாங்கள் சுமையோடு பார்த்திருக்கிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேம் வாங்க நான் மூன்று மாதம் சேர்த்து வைக்கிறேன். அதை ஒரே மாலையில் முடித்துவிட்டால் அடுத்த மூன்று மாதம் நான் எதை ஆடுவது? மணிக்கணக்கை வைத்து அளக்காதே என்று சொல்வது கையில் காசு இருப்பவர்களுக்கு எளிது.

பூப்பாறை செல்வி:

பாண்டி தம்பி, பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னால் முடியாது. நானும் அதே நிலையில் இருந்தவள்தான். ஆனால் "அப்படியொரு நாள் அமையாதவனுக்கு" என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் உண்டு.

என் அம்மா 19 ஆண்டுகள் ஏலக்காய் தரம் பிரித்தவர். ஸ்டோரில் உலர்ந்து வந்த காயை மேசையில் கொட்டி, வெடித்ததை ஒரு பக்கம், நிறம் வெளுத்ததை ஒரு பக்கம், பச்சை மாறாத பருத்த காயை ஒரு பக்கம் என்று விரல் நுனியால் தள்ளிக்கொண்டே இருப்பார். சிறுமியாக இருந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். விரல்கள் ஒருபோதும் தப்பாது, கண்கள் மட்டும் எங்கோ இருக்கும். அந்தக் கண்கள் எங்கே இருந்தன என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்' 2017இல் வந்தது. 2018இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதைப் பெற்றது. இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினால் முடிந்துவிடும். ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவராக இறந்துபோனவர்களின் அறைகளுக்குள் நடந்து போவதுதான் கேம். அதில் லூயிஸ் என்ற இளைஞன் மீன் ஆலையில் வேலை செய்கிறான். நம் வலது கை மீனை இழுத்து, கத்தியில் தலையை வெட்டி, அப்பால் தள்ள வேண்டும். அடுத்த மீன் வந்துவிடும். அதே நேரத்தில் நம் இடது கை, அவன் மனத்துக்குள் கட்டிக்கொண்டிருக்கும் ராஜ்யத்தில் ஒரு சிறிய உருவத்தை நடத்திச் செல்ல வேண்டும். முதலில் திரையின் ஓரத்தில் இருக்கும் ராஜ்யம் பெருகிப் பெருகி ஆலையையே மறைத்துவிடும். மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நம் வலது கை வெட்டிக்கொண்டேதான் இருக்கும். சிறிது நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் வலது கை என் கட்டுப்பாட்டில் இல்லை, தானாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று இரவு அம்மாவிடம், காய் பிரிக்கும்போது மனத்தில் என்ன ஓடும் என்று முதல்முறையாகக் கேட்டேன். போடியில் தான் பிறந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவாராம். கிணற்றைச் சுற்றிப் பதித்த கற்களை ஒவ்வொன்றாக எண்ணுவாராம்; எந்தக் கல்லில் கால் வழுக்கும் என்பதுவரை சொன்னார். எனக்கு மீன் ஆலையும் தெரியாது, லூயிஸைப் போல ஒருவரையும் தெரியாது. என் வீட்டிலேயே இத்தனை ஆண்டுகள் கேட்காத கேள்வியை ஒரு சிறிய காட்சி என் கைவழியாகக் கேட்க வைத்தது.

மறையூர் பாண்டி:

அக்கா, கிணற்றடியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்த மீன் ஆலைக் காட்சியை நான் யூடியூபில் பார்த்திருக்கிறேன். எனக்கும் நெஞ்சு கனத்தது. அப்படியானால் கைக்கு என்ன பங்கு? ஒரு தம்பதியர் புற்றுநோயால் இறந்த தங்கள் குழந்தையைப் பற்றி 2016இல் 'தட் டிராகன், கேன்சர்' என்ற கேமை வெளியிட்டார்கள். மிகப் பலர் அதை யூடியூபில் பார்த்தே முடித்துக்கொண்டார்கள், அதனால் விற்பனை பாதிக்கப்பட்டது என்று அதை உருவாக்கியவர்களே எழுதினார்கள். பார்த்தே முடித்துவிடக்கூடியது என்றால் அதைப் படம் என்றே அழைக்கலாமே.

இசையையும் கவனியுங்கள். இந்த வகை கேம்களில் பெரும்பாலானவற்றில் உருக்கமான இடம் வந்ததும் வயலின் மேலெழும். ஒலியை அணைத்துவிட்டு ஆடினால் அந்த உணர்ச்சியில் எவ்வளவு மிஞ்சும்?

சித்தூர் கண்ணன்:

நான் பாலக்காட்டுச் சித்தூர்; கொச்சியில் கேம்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பாண்டி கேட்டது சரியான கேள்வி. இந்த வகையில் வெறும் பூச்சு வேலையாக வருபவற்றை நான் வாராவாரம் பார்க்கிறேன்: வெறிச்சோடிய நிலம், ஒரு பியானோ, இறந்துபோன ஒருவரின் கடிதம். நடப்பதற்குக் காரணமே இல்லாமல் நடக்க வைப்பார்கள். அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன்.

ஆனால் 'ஜர்னி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் தட்கேம்கம்பெனி வெளியிட்டது. அங்கி அணிந்த ஓர் உருவம் பாலைவனத்தைக் கடந்து, தூரத்தில் ஒளிரும் மலைக்குப் போகிறது. வழியில் இணையத்தின் வழியே இன்னொருவர் வந்து சேரலாம். அவர் பெயர் தெரியாது, பேச முடியாது, எழுத முடியாது. ஒரு சிறிய ஒலியை மட்டும் எழுப்பலாம். சோதனைக் காலத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துப் பள்ளத்தில் தள்ளினார்கள் என்று அதன் இயக்குநர் ஜெனோவா சென் சொல்லியிருக்கிறார். அதனால் இடிக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். மாறாக, அருகில் வந்து தொட்டால் இருவரின் கழுத்துத் துணியிலும் மீண்டும் ஒளி ஏறும், மீண்டும் பறக்கலாம் என்று வைத்தார்கள். பனிக்காற்று அடிக்கும் கடைசிப் பகுதியில் எல்லோரும் தாமாகவே ஒட்டி நடக்கிறார்கள், யாரும் சொல்லித்தருவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக நின்று, திரும்பிப் பார்த்து, ஒலி எழுப்பிக் கூப்பிட்டார். அதை யூடியூபில் பார்த்தால் இரண்டு உருவங்கள் நடப்பது தெரியும். நமக்காக ஒருவர் நின்றார் என்பது தெரியாது. நான் ஒலியை அணைத்தும் ஆடியிருக்கிறேன். ஆஸ்டின் வின்டரியின் இசை இல்லாதது இழப்புதான். ஆயினும் அவர் நின்றது நின்றதுதான்.

மணிக்கணக்கைப் பற்றியும் ஒரு சொல். 'ஜர்னி'யை உருவாக்க மூன்று ஆண்டுகள் ஆயின. முடிவதற்குள் நிறுவனத்தின் கையிருப்பே தீர்ந்துவிட்டது. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2015 முதல், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஏமாந்து வாங்கியவருக்கு அது பாதுகாப்பு. ஆனால் ஒன்றரை மணி நேர கேமைச் செய்தவர், கடைசிக் காட்சிவரை பார்த்து முடித்தவருக்கும் பணத்தைத் திருப்பித்தர நேரிடும். 'சம்மர் ஆஃப் 58' என்ற குறுகிய கேமைச் செய்தவர், பாராட்டு குவிந்தும் பணம் இப்படித் திரும்பிப் போனதால் தொழிலிலிருந்து ஒதுங்குவதாக 2021இல் அறிவித்தார். நேரத்தால் அளக்கும் பழக்கம் யாரைத் தாக்குகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

மறையூர் பாண்டி:

முடித்த கேமை நான் ஒருபோதும் திருப்பித் தந்ததில்லை. அது உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதுதான். இதில் நாம் ஒரே பக்கம். ஜர்னியைப் பற்றி நீங்கள் சொன்னதும் எனக்குப் புதிது, யோசிக்கிறேன். ஆனால் அது ஒருவகையில் இருவர் சேர்ந்து ஆடுவது. தனியாக நடக்கும் கேம்களுக்கு அந்த நியாயம் பொருந்துமா?

குமுளி ராசு:

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் சேர்த்த 14 கேம்களில் 'பேசேஜ்' என்ற ஐந்து நிமிட கேமும் ஒன்று. ஒருவன் இடமிருந்து வலமாகத் தனியாகவோ துணையோடோ நடந்து, முதுமை அடைந்து, இறந்துபோகிறான். துணையோடு நடந்தால் சில குறுகலான வழிகளுக்குள் நுழைய முடியாது. பாண்டி தம்பி, தனியே நடப்பதா என்று நீங்கள் கேட்டதே அங்கே ஆட்டமாக இருக்கிறது.

மறையூர் பாண்டி:

அருங்காட்சியகம் வாங்கியது என்பது எனக்குச் சான்று ஆகாது, அண்ணே. குறுகலான வழியைப் பற்றிச் சொன்னீர்களே, அது சான்று.

பூப்பாறை செல்வி:

குறுக்கமாக இருப்பது ஒரு குறை, அதை வேறு எதையாவது கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்பது போலவே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த 'வெண்பா'வை இங்கே பலர் ஆடியிருப்பீர்கள். கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொண்டுவந்த சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்தும் கிழிந்தும் போயிருக்கும். இட்லியும் புட்டும் செய்துசெய்து நாமே அதை நிரப்ப வேண்டும். ஒன்றரை மணி நேரம்தான். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடும். அம்மா வயிற்றில் இருந்தவன் பள்ளிக்குப் போய்விட்டான், பிறகு தமிழில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான். நடுவில் நடந்தது என்ன என்று கேம் காட்டாது. என் அண்ணன் கோட்டயத்தில் வேலைக்குப் போன பிறகு பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் அவர் மகள் இன்னும் கொஞ்சம் மலையாளமாகியிருப்பாள். அம்மாவுக்கு அந்தப் பிள்ளை வளர்ந்தது அப்படித்தான் தெரியும், துண்டு துண்டாக. அந்தக் கதையை இருபது மணி நேரமாக நீட்டி, இடைவெளிகளை நிரப்பியிருந்தால், பிரிவு என்பதே அதிலிருந்து போயிருக்கும்.

சித்தூர் கண்ணன்:

செல்வி அக்கா சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். பாண்டிக்கு ஒரு செய்தி: ஸ்டீமில் பருவத் தள்ளுபடி வரும்போது இந்தச் சிறிய கேம்கள் நன்றாகவே விலை இறங்கும். 'எ ஷார்ட் ஹைக்' பழைய லேப்டாப்பிலும் ஓடும். சேர்த்த பணம் முழுவதையும் அதில் போட வேண்டியதில்லை.

மறையூர் பாண்டி:

நீண்ட நாட்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்புகிறேன். தள்ளுபடி வந்த அன்று 'எ ஷார்ட் ஹைக்' வாங்கினேன். ஒரே மாலையில் உச்சிக்குப் போய்விட்டேன். ராசு அண்ணனுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்பதை உள்ளபடியே சொல்கிறேன். முழு விலைக்கு நான் வாங்கியிருக்க மாட்டேன் என்பதிலும் மாற்றமில்லை. என் அப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தலையில சுமை இல்லாம ஏறுது அந்தப் பிள்ளை" என்றார். குறையாகச் சொன்னாரா, ஆசையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை; அதன் பிறகும் அங்கிருந்து நகரவில்லை.

இப்போது அக்கா மகன் ஆடிக்கொண்டிருக்கிறான், ஒன்பது வயது. நான்கு நாட்களாகக் கடற்கரையில் மீன் பிடிக்கிறான், மண்வெட்டியால் மணலைத் தோண்டுகிறான், கண்ணில் பட்ட எல்லோரிடமும் நின்று பேசுகிறான். உச்சியில் போன் வந்ததும் கேம் முடிந்துவிடும் என்று நான் வாய்தவறிச் சொன்னதிலிருந்து அவன் மலைப் பக்கமே போகவில்லை.