சிங்கம், எருமை மோதலில் முடிவைத் தீர்மானிப்பது எது?

கேள்வி: கொழுந்துக்காட்டு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வால்பாறைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஆப்பிரிக்கச் சிங்கங்களும் எருமைகளும் மோதிக்கொள்ளும் காணொளிகளை என் மாணவர்கள் ஓயாமல் பார்க்கிறார்கள். பள்ளிக்கு வரும் வழியிலேயே தேயிலைக்குள் காட்டெருமைகள் மேய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் என்பதால், "டீச்சர், சிங்கம் ஜெயிக்குமா, எருமை ஜெயிக்குமா?" என்று அவர்கள் கேட்பதை வெறும் வேடிக்கையாக என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒரு காட்சியில் நான்கு சிங்கங்கள் பெரிய கடா ஒன்றைச் சாய்த்துவிடுகின்றன; இன்னொன்றில் எருமைக் கூட்டம் சிங்கத்தை மரத்தில் ஏறவைத்துவிடுகிறது. வரிக்குதிரையும் மானும் இருக்கும்போது சிங்கம் ஏன் உயிரைப் பணயம் வைத்து எருமையிடம் போகிறது? நம் ஊர்க் காட்டெருமைக்கும் இதே கணக்குப் பொருந்துமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பொள்ளாச்சி விலங்கியல் மாணவன்

வணக்கம் டீச்சர். ஒற்றைக்கு ஒற்றை என்றால் சிங்கத்தின் பாடு திண்டாட்டம்தான். வளர்ந்த ஆண் சிங்கம் ஏறத்தாழ 190 கிலோ எடை இருக்கும், பெண் சிங்கம் 125 கிலோ அளவில் இருக்கும். ஆப்பிரிக்க எருமைக் கடாவோ 700 கிலோவைத் தாண்டக்கூடியது. அதன் கொம்புகளின் அடிப்பகுதி இரண்டும் நெற்றியில் ஒன்றாகச் சேர்ந்து கெட்டியான எலும்புக் கவசமாகவே இறுகியிருக்கும். ஆகவே சிங்கங்கள் முகத்துக்கு நேரே மோதுவதைத் தவிர்த்து, பின்பக்கமாக ஏறித் தொற்றிக்கொண்டு, தங்கள் எடையாலேயே எருமையைச் சாய்க்கப் பார்க்கும். சாய்ந்தபின் ஒரு சிங்கம் தொண்டையைக் கவ்வும், அல்லது எருமையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாய்க்குள் அடக்கி மூச்சை நிறுத்தும். இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், அதற்குள் கூட்டம் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். 2004இல் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்த காணொளியைத் தங்கள் மாணவர்கள் பார்த்திருக்கக்கூடும்: சிங்கங்கள் பிடித்த கன்றை முதலையும் ஒரு பக்கம் இழுக்க, இறுதியில் எருமைக் கூட்டமே திரும்பி வந்து கன்றை மீட்டுச் செல்கிறது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் சிங்கம் எருமையிடம் போவதற்குக் காரணம், ஓர் எருமை விழுந்தால் கூட்டம் முழுவதும் வயிறாரத் தின்னலாம் என்பதுதான். எருமை வரிக்குதிரை அளவுக்கு வேகமாக ஓடாது என்பதால், துரத்தலில் பின்தங்கும் கனத்த ஆண் சிங்கங்களுக்கும் இந்த வேட்டையில் பங்கு உண்டு. போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ ஆற்று வெள்ளம் சூழும் டூபா சமவெளியில், எருமைகளோடு ஒரே திட்டில் ஒதுங்கிய சிங்கங்கள் நீந்திச் சென்று பட்டப்பகலிலேயே எருமை வேட்டையாடப் பழகியிருக்கின்றன. ஆனாலும் அவை பெரிதும் தேடுவது கூட்டத்தை விட்டு விலகி ஆற்றோரப் புதர்களில் திரியும் கிழட்டுக் கடாக்களையும், கன்றுகளையும், நோயுற்றவற்றையும்தான். எருமைகளும் சும்மா இருப்பதில்லை. சிங்கக் குட்டிகள் கண்ணில் பட்டால் மிதித்துக் கொன்றுவிடும்.

என்னைப் பொறுத்தவரை பலத்தைவிட மழையும் நோயுமே இதில் பெரிய பங்கு வகிக்கின்றன. 1993இல் தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் கடும் வறட்சியால் எருமைகள் நலிந்தபோது அவற்றின் உடலில் உண்ணிகள் பெருகின. சிங்கங்களுக்கு எளிதில் இரை கிடைத்தது உண்மை. ஆனால் அந்த எருமைகளைத் தின்றதால் உண்ணிகள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி சிங்கங்களையும் பற்றியது. அடுத்த ஆண்டு நாய்களிடமிருந்து வந்த டிஸ்டெம்பர் வைரஸும் சேர்ந்துகொள்ள, அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஆயிரம், இறந்துபோயின. எந்த எருமையும் கொம்பால் குத்தி அத்தனை சிங்கங்களைக் கொன்றதில்லை.

பதில் 2: மளுக்கப்பாறை எல்லைவாசி

மேலே தம்பி எழுதியதோடு நம் பக்கத்துச் செய்தியையும் சேர்க்க விரும்புகிறேன். நம் காட்டெருமை மாட்டினத்தைச் சேர்ந்தது. கடா 900 கிலோவைத் தாண்டும், ஆப்பிரிக்க எருமையைவிடவும் பெரியது. இங்கே எதிராளி சிங்கம் அன்று, புலி, அதுவும் தனியாக. கூட்டத்தின் துணை இல்லாத புலி பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் கழுத்தைப் பற்றியாக வேண்டும். பிடி தவறினால் விலகிவிடும். அப்படியிருந்தும் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் நடந்த ஆய்வுகள், புலியின் உணவில் காட்டெருமைக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டின. நோயைப் பற்றிச் சொன்னதும் முற்றிலும் சரி: 1968இல் நாட்டு மாடுகளிடமிருந்து பரவிய வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர்ப் பகுதியின் காட்டெருமைகளைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டது. செரெங்கெட்டியில் சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு இந்த நோயை விரட்டிய பிறகே எருமைகள் பல்கிப் பெருகின.

கேட்டவர்: கொழுந்துக்காட்டு ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. இனிப் பிள்ளைகள் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நமக்கு ஆபத்தானது எது?

பதில் 3: காவலர் மகள், டாப்ஸ்லிப்

அக்கா, என் தந்தை வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். அவரிடம் கேட்டு வளர்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தியாவில் யானையால் ஆண்டுதோறும் ஐந்நூறு பேருக்கு மேல் இறக்கிறார்கள். புலியால் இறப்போர் அதில் சிறு பங்கே. பாம்புக்கடியோ இவை எல்லாவற்றையும் மிஞ்சுகிறது: 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்பது ஒரு விரிவான ஆய்வின் மதிப்பீடு. வால்பாறையில் சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை நான் முதலில் அஞ்சுவது சிறுத்தையைத்தான். அந்தி சாய்ந்தபின் குடியிருப்பை ஒட்டிய தேயிலை ஓரத்தில் அவர்களைத் தனியே விளையாட விடக்கூடாது.

காட்டெருமை ஆளைத் தேடி வந்து தாக்குவதில்லை. பனிமூட்டத்தில் வளைவு திரும்பும்போது மிக அருகில் எதிர்ப்படுவதும், கூட வரும் நாய் குரைத்துச் சீண்டுவதும்தான் பெரும்பாலும் வினையாகின்றன. கூட்டத்தைவிடத் தனிக் கடாவிடமே கூடுதல் எச்சரிக்கை தேவை. அது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுத் திமில் முழுவதும் தெரியும்படி நின்றால், தன் உருவத்தைக் காட்டி நம்மை விலகச் சொல்கிறது என்று பொருள். பெருமூச்செறிந்து தலையைத் தாழ்த்தினால் இனி நேரமில்லை. படம் எடுக்க நிற்காமல், ஓடாமல், வந்த வழியே பின்வாங்கி, பெரிய மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் மறைந்துகொள்ள வேண்டும். யானை நடமாட்டத்தைச் சொல்ல வால்பாறையில் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் உண்டு. காட்டெருமைக்கு அப்படி எதுவும் இல்லாததால், பனி விலகாத காலைகளில் பிள்ளைகள் கூட்டமாகப் பேசிக்கொண்டே வரட்டும். பெரியவர் ஒருவர் முன்னால் நடக்கட்டும். நாயை வீட்டிலேயே கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.