எண்களையும் நேர்காணல்களையும் சேர்த்துப் பார்க்கும் கலப்பு முறை ஆய்வு படித்தவர்களே, களத்தில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பினாங்குத் தாதி:
வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்கிறேன். தலைப்பு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. என்எச்எம்எஸ் 2019 என்ற தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. நம் இந்தியர்களிடையே 31.4. வேறு தலைப்பு தேடத் தோன்றவில்லை.

முதலில் கேள்வித்தாள், அப்புறம் எண்களில் விளங்காததை நேர்காணலில் கேட்பது என்ற விளக்கத் தொடர் வடிவத்தை எடுத்தேன். விளங்காத இடம் சீக்கிரமே வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதாக நல்ல மதிப்பெண் வாங்கிய சிலருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) மட்டும் இறங்கவே இல்லை. "பொய் சொல்றாங்க" என்றார் உடன் படிப்பவர். அவர்களையே நேர்காணலுக்கு எடுத்தேன். இந்த வடிவத்தில் யாரிடம் பேசுவது என்பதை எண்கள்தான் காட்ட வேண்டும்.

அவர்களில் ஓர் அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். வீட்டுக்கு வரச் சொன்னார். மருந்துப் பையை மேசையில் கவிழ்த்தார். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகள் மட்டும் பிரிக்காமல் குவிந்து கிடந்தன. "மறக்கலம்மா. காலையில போட்டா வயித்தக் கலக்குது. ஃபேக்டரி பஸ்ஸுல என்ன செய்றது? லைன்ல நின்னா, மாத்து ஆள் வந்தாத்தான் டாய்லெட்டுக்குப் போக முடியும். அதான் ராத்திரி மட்டும் போடுறேன்."

எங்கள் கேள்வித்தாள் கேட்டது: "மருந்து சாப்பிட மறந்ததுண்டா?" இல்லை என்று குறித்திருந்தார். உண்மையைத்தான் குறித்திருக்கிறார்!

பிறகு கூட்டு அட்டவணை. ஒரு பத்தியில் மதிப்பெண்ணும் எச்பிஏ1சியும், அடுத்ததில் அவர் சொன்னது, மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து சொல்வது. கலப்பு முறை ஆய்வாளர்கள் ஃபெட்டர்ஸும் ஃப்ரெஷ்வாட்டரும் 2015இல் 1+1=3 என்று எழுதியது இதைத்தான்; கணக்கு வாத்தியார் பார்த்தால் காதைத் திருகுவார். என் மூன்றாவது பத்தியில் வந்தது: தடை ஞாபகத்தில் இல்லை, வேலை நேரத்தில். இவரைப் போன்றவர்களிடம் அலாரம் வைக்கச் சொல்லிப் பயனில்லை. வயிற்றை அவ்வளவு படுத்தாத, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எண்கள் மட்டும் இருந்திருந்தால் நான் அலாரத்தைத்தான் பரிந்துரைத்திருப்பேன்.

கோலாலம்பூர், சமூகவியல்:
எனக்கு நேர்மாறு அக்கா. என் ஆய்வு, பிபிஆர் எனும் குறைந்த வருமானத்தினருக்கான அரசு அடுக்குமாடிகளில் தனியாக இருக்கும் முதியவர்கள் பற்றியது. முதலில் பேச்சு, அதிலிருந்து கேள்வித்தாள். மேல்மாடித் தாத்தா ஒருவர், "லிஃப்ட் கெட்டுப்போனா எனக்கு யாரும் இல்ல" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்த தனிமை அளவுகோல்களில் நான் பார்த்தவரை லிஃப்ட் கிடையாது. என் தாளில் சேர்த்தேன். இன்னொன்று, பேச்சில் கிடைத்ததையெல்லாம் கேள்வியாக்க ஆசை வரும். ஆக்கினால் தாள் நீண்டு, முதியவர்கள் பாதியில் எழுந்து போவார்கள்.

பினாங்கு, பொதுச் சுகாதாரம்:
அரசு கிளினிக் என்றால் என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். தொடர் வடிவத்தில் தலைவலி அங்கேதான். இரண்டாம் கட்டக் கேள்விகள் முதல் கட்டம் முடிந்தால்தான் தெரியும். குழுவோ முதலிலேயே கேட்கும். அக்கா எப்படிச் சமாளித்தீர்கள்?

பினாங்குத் தாதி:
வரைவுக் கேள்விகளோடு விண்ணப்பித்தேன். எண்கள் வந்ததும் திருத்தம் போட்டேன். அதற்கு அனுமதி வரும்வரை நேர்காணல் தொடக்கூடாது, அதனால் கால அட்டவணையில் அதற்கும் இடம் விடுங்கள். கல்விக் கட்டணம் காத்திருக்காது.