முதல் தோல் தையல் மெஷின் வாங்கும் முன்

செவ்வாய்

கதிர்: மாமா, ஒரு யோசனை வேண்டும். தோல் வேலை கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். பர்ஸ், பெல்ட், அப்புறம் ஒரு தோள்பை, இவ்வளவுதான் ஆசை. இணையத்தில் ஒரு தையல் மெஷின் பார்த்தேன், 'இண்டஸ்ட்ரியல் ஸ்ட்ரென்த்' என்று போட்டிருக்கிறார்கள், எட்டு மடிப்புத் தோலைத் தைக்கிற வீடியோவும் இருக்கிறது. இன்று இரவோடு தள்ளுபடி முடிகிறது. போடலாமா?

மாமா: போடாதே.

மாமா: கையில் வேலை இருக்கிறது, மதியம் விரிவாக எழுதுகிறேன். அதுவரை ஆர்டர் மட்டும் போட்டுவிடாதே.

அம்மா: அண்ணா, போன வாரம் இவன் என் மெஷினில் பழைய பெல்ட்டை மடித்து வைத்துத் தைத்துப் பார்த்தான். ஊசி உடைந்தது. அதிலிருந்து சாதாரணப் பருத்தித் துணியில்கூடத் தையல் விட்டு விட்டு விழுகிறது. நாளைக்குள் முடிக்க வேண்டிய தலையணை உறைகள் அப்படியே கிடக்கின்றன.

அத்தை: முதலில் பிளக்கைக் கழற்றிவிடு. கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி எங்கேயாவது இடிக்கிறதா பார். ஊசித் தகட்டைத் திறந்தால் உடைந்த முனை உள்ளே கிடக்கலாம். கீழே நூலைப் பிடிக்கிற ஷட்டில் கொக்கியின் மூக்கை நகத்தால் தடவிப் பார், வளைந்த ஊசி அதில் இடித்திருந்தால் சின்னப் பிசிறு தட்டுப்படும், மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். புது ஊசி போட்ட பிறகும் தையல் விட்டால் டைமிங், அதாவது ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரம், நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

கதிர்: பெல்ட் 3.5 மில்லிமீட்டர், மடித்ததில் 7 ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான் அம்மா. மெக்கானிக் செலவை நான் தருகிறேன்.

மாமா: சரி, இப்போது கேள். அந்த விளம்பரம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மெல்லிய, மிருதுவான தோலில் ஊசி எட்டு அடுக்கைத் தாண்டும். ஒருமுறை தாண்டுவது வேறு, ஒழுங்காகத் தைப்பது வேறு. அந்த மாதிரி மெஷினில் தோலை நகர்த்துவது அடியில் இருக்கிற பல் மட்டும்தான். அடித்துண்டு நகரும், மேல்துண்டைப் பிரஷர் ஃபுட் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒரே அளவாக வெட்டிய இரண்டு துண்டுகள்கூடத் தையல் முடிகிற இடத்தில் ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்கும். துணி என்றால் குண்டூசி குத்திச் சமாளிக்கலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான், அப்புறம் மூடாது.

மாமா: நூலையும் யோசி. டெக்ஸ் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் நூல் தடிக்கும். பர்ஸுக்கு டெக்ஸ் 70 பாண்டட் நைலான் (இழை பிரியாமல் பூச்சுப் போட்டது) போதும், ஊசி 100 அல்லது 110. பைக்கும் பெல்ட்டுக்கும் டெக்ஸ் 135, அதற்கு 140 ஊசி. வீட்டு மெஷின் பெரும்பாலும் டெக்ஸ் 70-க்கே திணறும். கனமான நூலின் முடிச்சை மேலே இழுத்துத் தோலின் நடுவில் உட்கார வைக்கிற பலம் அதற்குக் கிடையாது, முடிச்சு அடிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். நீ நூல் டென்ஷன் திருகைத் திருகித் திருகியே சலித்துப்போவாய்.

யாழினி: அப்படியானால் எந்த மெஷின்தான் வாங்குவது மாமா? பெயர் சொன்னால் அவன் அதைத் தேடிக்கொள்வானே.

மாமா: சொல்கிறேன் யாழினி, ஆனால் இப்போதைக்கு அவன் எதையும் வாங்க வேண்டாம். ஆறு மாதம் கையால் தைக்கட்டும். எந்தத் தடிமன் தோலில் அவன் கை நிற்கப்போகிறது என்று அவனுக்கே இன்னும் தெரியாது. பர்ஸ் தைக்கிற மெஷின் வேறு, பெல்ட் தைக்கிற மெஷின் வேறு. இரண்டையும் அருமையாகத் தைக்கிற ஒரே மெஷினை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

கதிர்: கையால் என்றால் ரொம்ப மெதுவாகப் போகுமே மாமா.

மாமா: மெதுவாகத்தான் போகும். ஆனால் அந்தத் தையலுக்கு ஈடாக மெஷின் தையலைச் சொல்ல முடியாது. மெஷின் போடுவது 1846-ல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கின அதே பூட்டுத் தையல், மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுவில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டு நிற்கும். ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தால் அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, வரிசையாகப் பிரிய ஆரம்பிக்கும். கையில் போடுகிற சேடில் தையலில் ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடந்து போகும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற பாதி அப்படியே பிடித்து நிற்கும். இன்றைக்கும் குதிரைச் சேணத்தைக் கையால் தைக்கிறவர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கதிர்: சரி மாமா, ஆர்டர் போடவில்லை. என்னென்ன வாங்கட்டும்?

மாமா: நல்ல கத்தி ஒன்று, அதைத் தீட்ட ஒரு தோல் பட்டையும் பாலிஷ் பசையும். இரும்பு ஸ்கேல். தையல் ஓட்டை போட 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு பல் உளி ஒன்று, மூலைக்கும் வளைவுக்கும் இரண்டு பல் உளி ஒன்று. நைலான் தலை வைத்த சுத்தியல் அல்லது கொட்டாப்புளி, இரும்புச் சுத்தியலால் உளியை அடிக்காதே, தலை சிதையும். கோடு போட ஒரு டிவைடர். முனை மழுங்கிய ஊசி இரண்டு, 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் மெழுகு நூல். குத்தூசி ஒன்று. நாற்பது சாமான் போட்ட பெட்டி விற்பார்கள், அதை வாங்காதே, அதில் பாதியைத் தொடவே மாட்டாய், மீதிப் பாதிக்குக் கூர் இருக்காது.

அத்தை: கத்தியைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். மழுங்கின கத்திதான் கையை வெட்டும். கூராக இருந்தால் லேசாக இழுத்தாலே போதும், மழுங்கினால் முழு பலத்தையும் கொடுப்பாய், அது ஸ்கேல் மேல் ஏறி நேராக இடது கை விரலுக்கு வரும். வெட்டும்போது விரல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு வெட்டு. கத்தியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பத்து தடவை பட்டையில் தீட்டு.

யாழினி: தோல்? அவுன்ஸ் கணக்கில் விற்கிறார்கள் மாமா, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமா: ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர் தடிமன். பர்ஸுக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர், அதாவது 3 அவுன்ஸ் பக்கம். பைக்கு 2 முதல் 2.5. பெல்ட்டுக்கு 3.5 முதல் 4, அதுவும் முதுகுப் பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்டியதாக இருக்க வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இழுபடும், பெல்ட் இடுப்பில் ஒரு மாதத்தில் நீண்டுவிடும். பழகுவதற்கு அந்த வயிற்றுத் தோலே வாங்கிக்கொள் கதிர், நிறைய வெட்டிக் கெடுக்க வேண்டியிருக்கிறது.

மாமா: வெஜ் டான் என்று கேட்டு வாங்கு. மரப்பட்டைச் சாறில் வாரக்கணக்கில் ஊறிப் பதமானது, விறைப்பாக இருக்கும், ஓரத்தை ஈரப்படுத்தி மரக்கட்டையால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஈரப்படுத்தி அச்சுக் குத்தலாம். குரோமில், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது ஓரிரு நாளில் தயாராகும், மிருதுவாக வளையும், பைக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஓரம் தேய்த்தால் படியாது, மடித்துத் தைக்க வேண்டும் அல்லது ஓரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எது எது என்று கண்டுபிடிக்கத் தோலை எரித்துப் பார்க்கச் சொல்லுவார்கள் சிலர், தயவுசெய்து செய்யாதே, குரோம் தோலை எரித்தால் கெடுதலான குரோமியம் உண்டாகலாம். வெட்டிய ஓரத்தைப் பார், குரோம் தோலில் பெரும்பாலும் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரியும்.

அத்தை: ஈரமான வெஜ் டான் தோலை இரும்புச் சாமான் மேல் வைக்காதே, அதையும் சொல்லுங்கள். என் முதல் பை அப்படித்தான் போனது. இரும்பும் தோலில் இருக்கிற டானினும் சேர்ந்து கரும்புள்ளி விழும், அது போகவே போகாது.

கதிர்: குறித்துக்கொண்டேன் அத்தை. முதலில் என்ன தைக்கட்டும்?

மாமா: கார்டு வைக்கிற உறை. வங்கி அட்டை எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவு, 85.6-க்கு 54 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டு, ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போடு, உள்ளே 94 கிடைக்கும், அட்டை தாராளமாகப் போய்வரும். நான்கு பல் உளியை அடித்த பிறகு அடுத்த அடிக்கு முதல் பல்லைக் கடைசி ஓட்டைக்குள்ளேயே வை, அப்போதுதான் இடைவெளி மாறாது. நூல், தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு, அதற்கு மேல் ஊசி கோக்க இரண்டு பக்கமும் ஒரு சாண். தையல் பாதியில் நூல் தீர்ந்தால் மனம் விட்டுப்போகும், அதனால் அளவில் கஞ்சம் வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரே பக்க ஊசி முதலில் போக வேண்டும், ஒன்றில் வலது அடுத்ததில் இடது என்று மாறினால் தையல் கோணல்மாணலாகத் தெரியும்.

ஞாயிறு, மூன்று வாரம் கழித்து

கதிர்: மாமா, ஐந்தாவது உறை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் படம் போட்டிருக்கிறேன். முன்பக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, பின்பக்கம் கோடு அலைகிறது.

மாமா: முன்பக்கம் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது, சாய்வு ஒரே மாதிரி இருக்கிறது. பின்பக்கம் அலைவது தையலால் இல்லை, உளியால். நீ உளியைச் செங்குத்தாகப் பிடிக்கவில்லை. முகத்தை உளிக்கு நேர் மேலே வைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பார், சாய்வது கண்ணில் படும். ஒட்டும் பசையும் விளிம்பில் வழிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகு சேர்த்து அழுத்து. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதானே பூசுகிறாய்?

அம்மா: திறந்துதான் வைக்கிறான் அண்ணா. தலைவலி வரும் என்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன். முதல் உறையை நான்தான் வைத்திருக்கிறேன், தினமும் எடுத்துப் போகிறேன்.

யாழினி: மாமா, இப்போதாவது மெஷின் பெயர் சொல்லுங்கள்.

மாமா: பெயரை விட வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். காம்பவுண்ட் ஃபீட் என்று கேட்க வேண்டும், அதில் ஊசியும் பிரஷர் ஃபுட்டின் உள்காலும் அடிப்பல்லும் மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்தும், அடுக்கு விலகாது. ஜூகி டிஎன்யூ-1541, கான்ஸ்யூ 206ஆர்பி இரண்டும் இந்த வகை, தட்டையான மேசை, பைக்கும் மெல்லிய பெல்ட்டுக்கும் போதும். பையின் அடிப்பக்கம், குழாய் மாதிரி வளைந்த இடங்கள் தைக்க, மேசைக்குப் பதில் உருளையான கை வைத்த சிலிண்டர் ஆர்ம் வேண்டும், ஜூகி எல்எஸ்-1341 அந்த ரகம். சேணம், கனமான பெல்ட் என்றால் ஜூகி டிஎஸ்சி-441 ரகம், அதைப் பர்ஸுக்கு வைத்தால் பல் மெல்லிய தோலைக் கடித்துத் தழும்பு போடும். செருப்பு ரிப்பேர் பார்க்கிற சிங்கர் 29கே-யைப் பழசாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். அதன் கால் எந்தத் திசையிலும் திரும்பும், ஒட்டுப் போட அது மாதிரி வராது, ஆனால் மேல்பக்கம் பல் தடம் விழும், நீளமான நேர்த்தையலுக்கு அது செய்ததே இல்லை.

மாமா: எதை வாங்கினாலும் மோட்டாரைப் பார். பழைய மெஷின்களில் கிளட்ச் மோட்டார் இருக்கும், மிதித்ததும் பாயும், புதியவர்களுக்கு அது ஆபத்து. வேகத்தைக் குறைத்து வைக்க முடிகிற சர்வோ மோட்டார் மாற்றி, அதில் சின்னக் கப்பி போட்டால் வேகம் குறையும், அந்த அளவுக்கு இழுவிசை கூடும். ஒவ்வொரு குத்தாக நிறுத்தி நிறுத்தித் தைக்க முடிகிறதா என்பதுதான் என் கணக்கு. தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதே, நெருக்கமாகக் குத்தினால் தபால்தலைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும்.

கதிர்: வாங்குவதற்கு முன்னால் உங்கள் மெஷினில் ஒருநாள் உட்காரலாமா மாமா?

மாமா: சனிக்கிழமை வா. நூல் மாட்டாமல் வைத்திருக்கிறேன். வெறும் காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வா, ஊசி அந்தக் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போக வேண்டும். நேர்க்கோடு இருபது, பெரிய வளைவு, கடைசியில் மூலை.

கதிர்: மூலையில் ஊசியை உள்ளே இறக்கி வைத்துத் திருப்ப வேண்டும், இல்லையா?

அத்தை: இறக்கினால் மட்டும் போதாது கதிர். முழுக்க இறங்கி, மேலே கொஞ்சம் ஏற ஆரம்பித்ததும் நிறுத்து, அப்போதுதான் கீழே கொக்கி நூலைப் பிடித்திருக்கும். அதற்கு முன்னால் பிரஷர் ஃபுட்டைத் தூக்கித் திருப்பினால் மூலையில் ஒரு தையல் விடும். அதைக் கைச்சக்கரத்தில் நானே காட்டுகிறேன், கோட்டுத்தாளை மட்டும் நிறையக் கொண்டு வா.