சனிக்கிழமை முகாமில் முதல் குப்பி யாருக்கு?

குழு: பெரிய வீட்டு உறவுகள்
வியாழக்கிழமை, 20 ஜனவரி 2022

சரவணன், மாலை 6.10
சனிக்கிழமை கொரோனா தடுப்பூசி முகாமில் ஊசி போட்டுக்கொள்ளாத வீடுகளுக்கு அடுத்த மாதம் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி கிடையாது என்று ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. அரூரில் எல்லோரும் பகிர்கிறார்கள். இது உண்மையா, அத்தை?

முருகன் சித்தப்பா, 6.14
இங்கே கடை வாசலிலும் இதே பேச்சுத்தான்.

பெரியப்பா, 6.21
எந்த அரசாணை, என்ன தேதி என்று கேட்காமல் எதையும் இந்தக் குழுவில் பகிர வேண்டாம் என்று முன்பே கூறியிருக்கிறேன். அது இருக்கட்டும். செல்வி, எனக்கு மூன்றாவது ஊசியைச் சனிக்கிழமையே போடுவதற்கு ஏற்பாடு செய். 27-ஆம் தேதி காதுகுத்துக்கு உறவினர்கள் வருகிறார்கள். வாசலில் நின்று வரவேற்க வேண்டியவன் நான்தான்.

கவிதா அண்ணி, 6.25
மாமா, நெருங்கிய சொந்தம் மட்டும் என்றாலும் அறுபது இலை ஆகிறது. சமையல்காரரிடம் நாளைக்குள் சொல்ல வேண்டும்.

செல்வி அத்தை, 7.02
இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அரிசியை நிறுத்துவார்கள் என்பது பொய். எங்களுக்கு அப்படி ஓர் உத்தரவும் வரவில்லை. சரவணா, அந்தப் பதிவை உனக்கு அனுப்பியவரிடமும் இதைச் சொல்லிவிடு. அரிசிக்குப் பயந்து ஒருவர் இன்று கையை நீட்டலாம். ஆனால் நாளைக்கு அவர் வீட்டுக் குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போட நான் போய் நின்றால் கதவு திறக்காது. வீடு வீடாகப் போகிற செவிலியருக்கு அந்தக் கதவுதான் முக்கியம்.

அண்ணா, நீங்கள் கேட்கும் மூன்றாவது ஊசி, அதாவது முன்னெச்சரிக்கைத் தவணை, இந்த மாதம் 10-ஆம் தேதி தொடங்கியது. மருத்துவப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், 60 வயதைக் கடந்த இணைநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இரண்டாம் தவணை போட்டு ஒன்பது மாதம், அதாவது 39 வாரம், முடிந்திருந்தால்தான் போட முடியும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் தகுதி உண்டு. ஆனால் நீங்கள் இரண்டாவது ஊசி போட்டது கடந்த ஆண்டு மே 5. பிப்ரவரி முதல் வாரத்தில்தான் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் உங்கள் பெயரைத் திறக்கும்.

பெரியப்பா, 7.08
மருந்து உன் கையில் இருக்கிறது. தளம் திறக்கவில்லை என்கிறாய். சென்ற மே மாதமும் சரவணனுக்கும் கவிதாவுக்கும் கேட்டபோது இதைத்தான் சொன்னாய்.

சரவணன், 7.09
அப்பா, அது முடிந்துபோன கதை.

செல்வி அத்தை, 7.24
முடிந்துபோன கதையாக இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். சென்ற மே மாதம் 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் அனுமதி வந்தது, மருந்து வரவில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. 45 வயதைக் கடந்தவர்கள் இரண்டாம் தவணைக்குக் காத்திருக்கும்போது, நோயில்லாத முப்பது வயதுக்காரருக்கு, அவர் என் அண்ணன் மகனே ஆனாலும், ஒரு தவணையை ஒதுக்கி வைத்திருந்தால், மறுநாள் அந்த வரிசையின் முன்னால் நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்? அன்று நீங்கள் பேசாமல் இருந்தது எனக்கு வருத்தந்தான், அண்ணா. ஆனாலும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது மருந்துக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆளுக்கும் நேரத்துக்கும்தான் தட்டுப்பாடு. காய்ச்சல் பரிசோதனை, பள்ளிகளில் 15 முதல் 18 வயதினருக்கான ஊசி, முன்னெச்சரிக்கைத் தவணை, சனிக்கிழமை முகாம், கர்ப்பிணிகள் பரிசோதனை, குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசி, எல்லாவற்றையும் அதே சில பேர்தான் செய்கிறோம். நேற்று மருத்துவ அலுவலர், மருந்தாளுநர், சுகாதார ஆய்வாளர், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டோம். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டால் தானாக நடந்து வருகிறவர்களை வைத்தே மாலைக்குள் நல்ல எண்ணிக்கை காட்டிவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. எண்ணிக்கை வரும், ஆனால் ஓராண்டாக ஒரு தவணைகூடப் போடாதவர்கள் அப்படியே மிஞ்சுவார்கள். அவர்கள் யாரென்று பட்டியலைப் பார்த்தால், பாதிக்குமேல் வயதான பெண்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மலையடிவாரத்துக் குடியிருப்பில் இருப்பவர்கள். நோய் வந்தால் முதலில் மூச்சுத்திணறி விழப் போகிறவர்களும் அவர்கள்தான். அதனால் முதல் குப்பி அவர்களுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். மருத்துவ அலுவலர் ஒரு வண்டி தனியாகப் போகட்டும் என்றார்.

அந்தப் பட்டியலில் நம் அம்மாவின் பெயரும் இருக்கிறது.

மணி, 7.26
ஆயா இன்னும் ஒன்றுகூடப் போடவில்லையா?

முருகன் சித்தப்பா, 7.31
போடவில்லை. 85 வயதில் எனக்கெதற்கு என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கூட வைத்திருந்தவன்தான் கெடுத்தான் என்று இதே குழுவில் சொல்வீர்கள். கிணற்று மோட்டார் விஷயத்தில் பட்டது போதும்.

பெரியப்பா, 7.33
மோட்டாரை இங்கே இழுக்காதே.

செல்வி அத்தை, 7.45
தம்பி, உன்னை யாரும் குறை சொல்ல விடமாட்டேன். அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுபவர்கள் நீயும் உன் மனைவியும்தான். ஆனால் "அம்மா வெளியே போவதில்லை, அவருக்கு எதற்கு ஊசி" என்று சென்ற ஆண்டு சொன்னது அண்ணன். அண்ணா, கோபிக்காமல் கேளுங்கள். அம்மா வாசல் தாண்டுவதில்லை என்பது சரி. 27-ஆம் தேதி அறுபது பேர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து, குழந்தைக்குக் காது குத்திய கையோடு ஒவ்வொருவராகக் குனிந்து அம்மாவிடம் ஆசி வாங்குவார்கள். வீட்டோடு இருப்பவருக்கு நோயைக் கொண்டுவருவது நாம்தான். உங்கள் உடம்பில் இரண்டு தவணை இருக்கிறது. அம்மா உடம்பில் ஒன்றுமில்லை. உங்கள் மூன்றாவது இரண்டு வாரம் பொறுக்கலாம். அம்மாவின் முதலாவது பொறுக்காது.

கவிதா அண்ணி, 7.48
சனிக்கிழமை போட்டால் வியாழக்கிழமைக்குள் பலன் தெரியுமா, அத்தை?

செல்வி அத்தை, 7.55
தெரியாது, கவிதா. உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிக்கொள்ள இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். ஒரு தவணை மட்டும் முழுப் பாதுகாப்பும் தராது. காதுகுத்தை மாசிக்குத் தள்ளினால் நல்லது. முடியாதென்றால் அம்மாவை உள்ளறையில் ஜன்னல் பக்கமாக உட்கார வையுங்கள். எல்லோரும் தூர நின்றே கும்பிடட்டும். முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

கவிதா அண்ணி, 7.57
என் அம்மா வீட்டில் நாள் குறித்து எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மாமாதான் முடிவு சொல்ல வேண்டும்.

தீபா, 8.01
அத்தை, நான் நாளைக்குப் பள்ளியில் போட்டுக்கொள்ளாமல், சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வரும்போது ஆயாவோடு சேர்ந்து போட்டுக்கொள்ளலாமா?

செல்வி அத்தை, 8.06
கூடாது, கண்ணு. நீ 2006-இல் பிறந்தவள். உன் வயதினருக்குக் கோவேக்சின் மட்டுந்தான். ஆயாவுக்கு வரும் வண்டியில் இருப்பது கோவிஷீல்டு. இரண்டும் ஒரே பெட்டியில் போனால் அவசரத்தில் கை மாறிவிடும் என்பதற்காகவே பிள்ளைகளுக்குப் பள்ளியில் தனி நாள், தனி மேசை. நாளைக்கே போட்டுக்கொள். 28 நாள் கழித்து அடுத்தது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

மணி, 8.10
அத்தை, எனக்கும் என் மனைவிக்கும் அக்டோபர் முதல் வாரத்தில் திருப்பூரில் முதல் தவணை போட்டார்கள். நாளை இரவு மொரப்பூரில் ரயில் ஏறுகிறோம். சனிக்கிழமை இருக்க முடியாது.

செல்வி அத்தை, 8.22
நீ கேட்டது நல்லது. நேற்றுக் கூட்டத்தில் நான் சொல்ல விட்டுப்போனதும் இதுதான். திருப்பூர், பெங்களூரு, கேரளா என்று போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்கு வந்து, இந்த வாரக் கடைசிக்குள் திரும்பிவிடுவார்கள். கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி. உனக்கு அது முடிந்துவிட்டது. உன்னைப்போல் நாளை இரவு கிளம்புகிறவர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வா. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து; திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். முதல் தவணைக்குக் கொடுத்த தொலைபேசி எண்ணும் ஆதாரும் கையில் இருக்கட்டும். எண் மறந்துவிட்டால் இரண்டாவது ஊசி முதல் ஊசியாகப் பதிவாகிப் பிறகு சான்றிதழுக்கு அலைய நேரும்.

மணி, 8.40
நான், மனைவி, எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவர், பேருந்து நிறுத்தத்துக் கடைக்காரரின் மருமகன், கட்டட வேலைக்குப் போகும் மூன்று பேர். எட்டு ஆகிறது.

முருகன் சித்தப்பா, 8.44
அக்கா, பத்துப் பேர் சேராமல் திறக்க மாட்டீர்கள் என்றால், அம்மா ஒருவருக்காகச் சனிக்கிழமை எப்படித் திறப்பீர்கள்?

செல்வி அத்தை, 9.03
அதற்குத்தான் நேற்று நெடுநேரம் பேசினோம், தம்பி. வண்டி உன் வீட்டுக்கு மட்டும் வராது. ஒரு வழித்தடமாக வரும். ஊசி போட்ட ஒவ்வொருவரையும் 30 நிமிடம் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு நானே அரை மணி உட்கார்ந்தால் பத்து வீட்டுக்கு ஐந்து மணி நேரம். திறந்த குப்பிக்கோ நான்கு மணி நேரந்தான். கணக்கே இடிக்கிறது. அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக மூன்று மூன்று பேரைச் சேர்த்திருக்கிறோம். நான் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நகர்வேன். சுகாதார ஆய்வாளரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரும் மாறி மாறிப் பின்னால் தங்கிக் கவனிப்பார்கள். மயக்கம், மூச்சுத்திணறல், உடம்பில் தடிப்பு ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுவார்கள். அவசர மருந்துப் பெட்டி வண்டியில் இருக்கும், மருத்துவர் தொலைபேசியில் இருப்பார்.

யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தன்னார்வலருக்குத்தான் தெரியும். ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்த திட்டம் அது. இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்க வீடு வீடாகப் போகிறவரின் நோட்டைத்தான் எங்கள் வழித்தடத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். கணினிப் பட்டியலில் பெயரும் வயதும் இருக்கும்; நடக்க முடியுமா, காது கேட்குமா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் அவர் நோட்டில்தான் இருக்கிறது.

சரவணன், 9.06
இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, அத்தை.

கவிதா அண்ணி, 9.10
இன்னொன்று, அத்தை. பாப்பாவுக்குப் பதினொரு மாதம் ஆகிறது. ஒன்பதாம் மாத ஊசி இன்னும் போடவில்லை. டிசம்பரில் போனபோது எல்லோரும் கொரோனா முகாமுக்குப் போயிருக்கிறார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு எனக்குக் காய்ச்சல், பிறகு பொங்கல்.

செல்வி அத்தை, 9.19
இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, கவிதா? இந்த ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு பெருந்தொற்றுக்காக ஓடி ஓடி, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் பிள்ளைகளை இரையாக்கிவிட்டோம் என்றால் அது சரியான வேலையாகாது. புதன்கிழமை எங்கள் வழக்கமான தடுப்பூசி நாள். அதை முகாமுக்காக எடுக்கக் கூடாது என்று நேற்றும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் வரும் புதன் 26-ஆம் தேதி, குடியரசு நாள். செவ்வாய்க்கு மாற்றினால் கர்ப்பிணிகளோடு நெரிசலாகும். வியாழனுக்கு மாற்றினால் உனக்குக் காதுகுத்து. நாளை மருத்துவ அலுவலரிடம் கேட்டுச் சொல்கிறேன். எந்த நாளானாலும் முதல் பெயர் பாப்பாவுடையது. இது சொந்தத்துக்காக இல்லை. விட்டுப்போன குழந்தைகளை முதலில் அழைப்பது என்றே முடிவு செய்திருக்கிறோம்.

பெரியப்பா, 9.31
அனைத்தையும் படித்தேன். எனக்குப் பிப்ரவரியில் போட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை காலையில் நானே ஊருக்கு வந்து அம்மாவிடம் பேசுகிறேன். சென்ற ஆண்டு நான் சொன்னதைத்தான் அவர் இப்போது திருப்பிச் சொல்கிறார் என்றால், அதை மாற்றிச் சொல்ல வேண்டியவனும் நானே.

முருகன் சித்தப்பா, 9.33
வாருங்கள் அண்ணா. காலை உணவு இங்கேயே.

கவிதா அண்ணி, 9.35
காதுகுத்து, மாமா?

பெரியப்பா, 9.41
நாளை உன் தந்தையிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். சமையல்காரரை ஒரு நாள் பொறுக்கச் சொல்.

மணி, 9.46
அத்தை, ஒன்பதாவது ஆள் கிடைத்துவிட்டார். அவருக்கு இன்னும் முதல் தவணையே ஆகவில்லை. ஆதாரும் திருப்பூர் அறையில் இருக்கிறதாம்.

செல்வி அத்தை, 9.52
முதல் தவணை என்றால் கட்டாயம் அழைத்து வா. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும். ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். முருகா, சனிக்கிழமை உன் தெருவுக்கு ஒன்பதரைக்கு வருவோம். அம்மாவுக்குக் கை தளர்வான ரவிக்கையைப் போட்டுவிடு. வழக்கமான மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். அவர் வேண்டாம் என்றால் அன்று போடமாட்டேன். பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்கவும் மாட்டேன். அடுத்த முகாமுக்கு மறுபடியும் வருவேன்.